ஏழாம் மாடி வில்வம்

பாகான் டாலாம்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். ஈஸ்டர் முடிந்து, கடிதங்களுக்கு உங்கள் மடத்துக் கதவு திறந்திருக்கும் என்று நாள் பார்த்து எழுதுகிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அனுப்பிய தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள். நான் சுகம். இன்று சித்திரை ஒன்று என்பதால் பக்கத்து வீட்டில் கொடுத்த பாயசம் மேசையில் இருக்கிறது. அதைக் குடித்துக்கொண்டே எழுதுகிறேன்.

பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. சுங்கை பினாங்கில் நாம் பிறந்து வளர்ந்த பிளாட்டை இடித்தார்களே, அந்த இடத்தில் முப்பத்தொரு மாடி எழும்பிவிட்டது. பழைய குடும்பங்கள் அறுபத்து மூன்று அதற்குத் திரும்பி வருகின்றன. ஏழாம் மாடி முழுக்கத் தோட்டம். கண்ணாடி வேலை உங்கள் தம்பிக்கு. முப்பது வருடமாக மாதா கோயில் ஜன்னல்களை ஒட்டிக்கொண்டும் ஒட்டுப்போட்டுக்கொண்டும் இருந்தவனுக்கு இது எப்பேர்ப்பட்ட வேலை என்று உங்களுக்கே தெரியும்.

கட்டடக் கலைஞர் நோர்மா என்கிற அம்மா. நல்ல மனுஷி, பிடிவாதக்காரி. ஒவ்வொரு குடும்பமும் தான் வளர்த்த செடியிலிருந்து ஓர் இலை தர வேண்டும் என்பது அவர் யோசனை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இலையை வைத்து உலையில் ஏற்றினால் இலை எரிந்துபோகும். அதன் சாம்பல் மட்டும் நரம்பு நரம்பாக உள்ளேயே தங்கிவிடும். பழைய பிளாட்டின் மரங்களில் ஒன்பதைப் பிடுங்கி நாற்றுப்பண்ணையில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவையும் ஏழாம் மாடிக்குப் போகின்றன. உங்கள் தோழி லோகேஸ்வரி அக்காவின் வில்வமும் அதில் ஒன்று.

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
நாதன்

மடத்திலிருந்து
5 மே 2024

பிரியமுள்ள நாதனுக்கு,

மரியே வாழ்க. உன் கடிதத்தை மதர் கையில் கொடுக்கும்போதே சிரித்தார்கள். உறையில் பாயசம் ஒட்டியிருந்தது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. முழங்காலில் நிற்பதே தொழிலாகிவிட்ட பிறகு அதைக் குறை சொல்லி என்ன செய்ய.

உன் செய்தி படித்து இரண்டு நாள் நான் தரையில் இல்லை. இடித்த வீட்டின் இலை கண்ணாடிக்குள் உயிரோடு இருக்கும் என்று தோட்டத்தில் களை பிடுங்கும்போது நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். உயிரோடு இல்லை, சாம்பலாக என்று நீ திருத்துவாய். சரி.

எல்லாரிடமும் வாங்கினாலும் லோகாவிடம் மறக்காமல் வாங்கு. அவளும் நானும் ஃபார்ம் டூ படிக்கும்போது, தண்ணீர்மலைக் கோயிலில் ஒரு பாட்டையா கொடுத்த கன்றை மைலோ டின்னில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தோம். அரை மரம் எனக்குச் சொந்தம். நான் கேட்டேன் என்று சொல்லி வாங்கு.

நேரத்துக்குச் சாப்பிடு. உலைப் பக்கத்தில் கண்ணாடி அணிந்துகொள்.

உன் அக்கா,
கிளாடிஸ்

பாகான் டாலாம்
30 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

புகழ் இயேசுவுக்கே. உங்கள் ஜெபத்தால் உலையும் நானும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது.

இலை வாங்கப் போன கதையை எழுதினால் ஒரு நோட்டு போதாது. எல்லாரும் வாடகை வீடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். பதினெட்டு நாள் ஃபைலும் கையுமாக அலைந்தேன். முஸ்தஃபா அண்ணன், பழைய பிளாட்டில் ஒரு செடிகூட வைக்காதவர், காலையில் பாசாரில் பாண்டான் இலை வாங்கி வந்து, "இது என் வீட்டு இலைதான், விசாரிச்சுக்கோ" என்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நான்காம் மாடி மூங்கில், ஆறாம் மாடி செம்பருத்தி, கறிவேப்பிலை மட்டும் பதினோரு வீட்டிலிருந்து.

ஈரம் போகாத இலையை வைத்தால் கண்ணாடிக்குள் குமிழ் கிளம்பிவிடும். முதல் பத்து பாழ். பிறகு இலைகளைப் பழைய டெலிபோன் புத்தகத்துக்குள் மூன்று வாரம் அழுத்தி வைத்தேன். லோகா அக்காவும் நாற்றுப்பண்ணையில் பறித்து வந்து கொடுத்தார்கள், நீங்கள் கேட்டதாகச் சொன்னதும் சிரித்தார்கள். அந்த வில்வம் வெந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே, அக்கா. மூன்று இலையும் ஒரு காம்பும், ஒரு நரம்புகூட அறுபடவில்லை. முப்பது வருடத் தொழிலில் என் கையிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. உலையைத் திறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்புத் தம்பி,
நாதன்

மடத்திலிருந்து
21 ஜூலை 2024

பிரியமுள்ள நாதனுக்கு,

மரியே வாழ்க. இங்கே எல்லாரும் நலம். சமையற்கட்டு எனக்கு வந்திருக்கிறது. என் ரசத்தைக் குடித்துவிட்டு இரண்டு சகோதரிகள் கூடுதலாகத் தவம் செய்கிறார்கள்.

வில்வத்தைப் பற்றி எழுதினாயே, அந்தப் பத்தியைச் சாப்பாட்டு வேளையில் சத்தமாக வாசித்தேன். ஆனால் நீ ஒன்று சொல்லவில்லை. இந்தக் கண்ணாடிகளை எங்கே வைக்கிறீர்கள்? சுவரா, ஜன்னலா? கோயில் ஜன்னல் மாதிரி என்று நானாக நினைத்துக்கொண்டேன். சகோதரிகள் கேட்கிறார்கள். எழுது.

உன் அக்கா,
கிளாடிஸ்

பாகான் டாலாம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். மாதா பிறந்த நாள் வாழ்த்து. பதில் தாமதத்துக்கு மன்னியுங்கள், திறப்பு விழா வேலை.

முடிந்துவிட்டது, அக்கா! குடும்பங்கள் குடிவந்தாயிற்று. மொத்தக் கண்ணாடியும் ஏழாம் மாடியில், லிஃப்ட் வாசலிலிருந்து தோட்டம்வரை நாற்பது அடி நடைபாதை. சுவர் இல்லை. கீழே ஆறாம் மாடிக் கூடத்தில் நிற்பவர்களுக்கு அது கூரை. மேலே நடப்பவர்களுக்குத் தரை. காலையில் வெயில் மரங்கள் வழியாக இறங்கிக் கண்ணாடிக்குள் நுழையும்போது, கீழே நிற்பவர்கள் மேலெல்லாம் இலை நிழல் விழுகிறது. பிள்ளைகள் கையை நீட்டி நிழலைப் பிடிக்கிறார்கள். நோர்மா அழுதேவிட்டார். ஆட்கள் நடப்பதும் சேர்ந்து நிழலாக அசைய வேண்டும், அதுதான் அவர் கணக்கு. கண்ணாடி தடிமன், வழுக்காது, லாரி ஏறினாலும் தாங்கும்.

லிஃப்ட் கதவு திறந்ததும் முதல் அடி வைக்கிற இடத்தில் இருப்பதிலேயே நல்ல துண்டைப் பதித்திருக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து விருதுக்குழு பார்க்க வருகிறதாம். படங்கள் பிறகு அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி,
நாதன்

மடத்திலிருந்து
29 செப்டம்பர் 2024

பிரியமுள்ள நாதனுக்கு,

மரியே வாழ்க. பிள்ளைகள் நிழலைப் பிடிக்கும் இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. வாழ்த்துகள். அப்பா இருந்திருந்தால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆட்களையெல்லாம் கூட்டி வந்து காட்டியிருப்பார்.

லிஃப்ட் வாசலில் எந்த இலை?

உன் அக்கா,
கிளாடிஸ்

பாகான் டாலாம்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நேரத்துக்கு எழுதாததற்கு ஆயிரம் காரணம் உண்டு. மழைக்காலம், பட்டறைக்குள் தண்ணீர். கண் பரிசோதனைக்குப் போனேன், வாசிக்கிற கண்ணாடி மாற்றிவிட்டார்கள். விருதுக்குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. முகத்தைப் பார்த்தால் நல்ல செய்தி வரும் போலத்தான் இருக்கிறது. அடுத்த வாரம் திருவருகைக்காலம் தொடங்கினால் உங்களுக்குக் கடிதம் வராதே என்று அவசரமாக எழுதுகிறேன்.

ஏழு படங்கள் வைத்திருக்கிறேன். எல்லாம் ஆறாம் மாடியிலிருந்து அண்ணாந்து எடுத்தவை. எது எந்த இலை என்று எல்லாரும் கேட்கிறார்கள். அறுபத்து மூன்றில் எதை நினைவு வைப்பது.

கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பட்டுமா? உங்கள் மதருக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி,
நாதன்

மடத்திலிருந்து
27 டிசம்பர் 2024

பிரியமுள்ள நாதனுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். கேக் வந்தது. ரம் கொஞ்சம் தூக்கல், ஒருவரும் முறையிடவில்லை.

லோகாவும் வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாள். வருடா வருடம் அனுப்புகிறவள். அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "பத்தொன்பதாவது மாடியில நல்ல காத்து, கிளாடி. நம்ம மரம் துளிர் விட்டிருக்காம். தோட்டத்தைப் பாத்துக்கிற ஹைருல் சொன்னான். அவன்தான் தண்ணி ஊத்துறான். நல்ல பையன்."

திங்கட்கிழமை தவறாமல் அந்த மரத்திலிருந்து இலை பறித்துச் சாமிக்கு வைத்தவள் அவள். ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தும் அதற்கு முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் தூங்கப் போவாள். இப்போது அதே கட்டடத்தில், பன்னிரண்டு மாடி கீழே இருக்கும் மரம் துளிர் விட்டதை வேறு ஒருவன் சொல்லித் தெரிந்துகொள்கிறாள். ஏன் போகவில்லை? கால் வலி என்றால் எழுதியிருப்பாள். வலியைப் பற்றி எழுதச் சலிக்காதவள் அவள்.

லிஃப்ட் கதவு திறந்தால் வில்வம் தரையில் கிடக்கிறது. அதை மிதிக்காமல் தோட்டத்துக்குப் போக வழியில்லை. அவள் மிதிக்க மாட்டாள். இதுதானே?

தெரியாமல் நடந்தது என்று மட்டும் என்னிடம் எழுதாதே. உனக்கு ஏழு வயது. லோகா வீட்டு வாசலில் உதிர்ந்து கிடந்த இலைமேல் ஓடிவந்து மிதித்தாய். அவள் அம்மா உன்னைத் திட்டவில்லை. குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு நீ அழுத அழுகைக்கு அப்பா இனிப்பு வாங்கித்தர மணீஸ் கடைக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நாம் வீடு மாறும்வரை அந்த இடத்தை நீ குதித்துத் தாண்டித்தான் போனாய்.

அந்த இலையைக் கேட்டு வாங்கச் சொன்னவள் நான். எங்கே வைப்பாய் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். என் பங்கு பாவத்தை நான் சொல்லிவிட்டேன்.

கோபத்தில்தான் எழுதுகிறேன். அன்பும் இருக்கிறது.

கிளாடிஸ்

மடத்திலிருந்து
3 மார்ச் 2025

நாதனுக்கு,

மரியே வாழ்க. சுகமாக இருக்கிறாயா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

நாளை மறுநாள் திருநீற்றுப் புதன். ஈஸ்டர்வரை நாங்கள் கடிதம் எழுதுவதுமில்லை, படிப்பதுமில்லை. வருபவற்றை மதர் மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பார். ஆக, நாற்பது நாளைக்கு நான் உன்னை ஒன்றும் கேட்க முடியாது. நீ வேண்டுமானால் எழுதலாம்.

உன் அக்கா

பாகான் டாலாம்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இதை நீங்கள் ஈஸ்டருக்குப் பிறகுதான் படிப்பீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

தெரிந்துதான் வைத்தேன்.

வரைபடத்தில் இலைகளுக்கு இடம் குறிக்கும்போது நோர்மா நேராகவே கேட்டார். "இதுல மிதிக்கக் கூடாதது ஏதாவது இருக்கா, நாதன்? உங்க ஆளுங்க விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதைச் சுவருக்கு மாற்றியிருப்பார். அரைமணி நேர வேலை. சுவர் தோட்டத்தின் கடைசியில், குளியலறைப் பக்கம் இருக்கிறது. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? லிஃப்ட் திறந்ததும் வருகிறவன் கண்ணில் அதுதான் முதலில் பட வேண்டும் என்று எனக்கு ஆசை. "ஒண்ணுமில்ல" என்றேன். உலையில் போனபிறகு அது இலையே இல்லை, வெறும் சாம்பல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆள் பார்க்காதபோது நானே அதை மிதிக்காமல் ஓரமாகத்தான் நடந்தேன்.

திருநீற்றுப் புதனன்று காலைப் பூசை முடிந்ததும், கண்ணாடியில் ஒரு விளிம்புப் பூச்சு உரிகிறது என்று சுங்கை பினாங்கிலிருந்து கூப்பிட்டார்கள், அங்கே போனேன். லிஃப்டில் லோகா அக்கா. பாசார் பையும் கையுமாக நின்றார்கள். நெற்றியில் திருநீறு. என் நெற்றியில் சாமியார் இட்ட சாம்பல். "என்னா நாதா, இன்னிக்கு நீயும் பூசியிருக்க" என்று சிரித்தார்கள். நான் ஏழாம் எண்ணை அழுத்தினேன், அவர்கள் பத்தொன்பதை.

ஏழில் கதவு திறந்தது. வெயில் நேராக அந்த இலைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் வெளியே பார்க்கவில்லை, கதவுக்கு மேலே மின்னும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காலைத் தூக்கினேன், அக்கா. வைக்க முடியவில்லை. கதவு மூடியது. அவர்களோடு பத்தொன்பதுக்குப் போனேன். "இறங்கலையா?" என்றார்கள். "மறந்துட்டேன்" என்றேன். திரும்பிக் கீழே போய், வேலை பார்க்காமல் அக்கரைக்கு, வீட்டுக்கு ஃபெர்ரி ஏறிவிட்டேன். வெறும் சாம்பல்தானே என்று நான் சொன்னதை, நெற்றியில் அதையே வைத்துக்கொண்டு ஃபெர்ரியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

விருது கிடைத்துவிட்டது. விருதுப் பலகையில் அந்தத் துண்டின் படம்தான் போட்டிருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாதன்

மடத்திலிருந்து
21 ஏப்ரல் 2025

என் தம்பிக்கு,

அல்லேலூயா! உயிர்ப்பு விழா வாழ்த்துகள். நேற்று மதர் இழுப்பறையைத் திறந்து தந்தார்கள். உன் கடிதத்தைக் கோழிக்கூட்டுப் பக்கம் போய்ப் படித்தேன், அழுவதற்கு அதுதான் வசதி.

என்னிடம் சொன்னது நல்லது. ஆனால் என் வழியை நீ மறிக்கவில்லை. அந்தத் துண்டை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கலாம் என்று உனக்குத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியும். முதலில் லோகாவிடம் போ. அப்புறம் உடை.

கிளாடிஸ் அக்கா

பாகான் டாலாம்
25 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீங்கள் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம். முதுகு மட்டும் பிடித்திருக்கிறது, காரணம் கீழே.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் எனக்குத் தோன்றியது நீங்கள் எழுதியதேதான். நோர்மாவிடம் மட்டும் சொல்லி மாற்றிவிடலாம் என்று. பத்து நாள் அந்த நினைப்பிலேயே கழிந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பத்தொன்பதாவது மாடிக்குப் போனேன்.

லோகா அக்கா கதவைத் திறந்து, "வாடா, உக்காரு. காப்பி கலக்கட்டுமா?" என்றார்கள். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். நோர்மா கேட்டதையும் நான் இல்லை என்றதையும் சொன்னேன். அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்கள்.

"தெரியும்லா, நாதா" என்றார்கள்.

எனக்குப் புரியவில்லை.

"எல்லார் வீட்டு இலையையும் ஒரு கையால வாங்கி ஃபைல்ல சொருகிக்கிட்டே வந்த. வாடகைக்கு இருந்தப்ப எதிர் வீட்டுல நீ வாங்கினத நா பாத்துக்கிட்டுதான இருந்தேன். என் வீட்டுல மட்டும் ஃபைல கீழ வச்ச. கைய சட்டையில தொடச்ச. ரெண்டு கையால வாங்கின. தெரியாதவன் அப்படி வாங்குவானா?"

நான் அப்படி வாங்கியது எனக்கே நினைவில்லை, அக்கா.

"ஏன் ஆபீஸ்ல சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா மறுநாளே எடுத்திருப்பாங்களே" என்று கேட்டேன்.

"சொல்லலாம்னு ரெண்டு தடவ ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். சொன்னா, உன்னயத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீ அங்கயும் தெரியாதுன்னுதான் சொல்லியிருப்ப. அத நா கேக்க விரும்பல. நீயா வருவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா எட்டு மாசம் ஆக்கிட்ட."

எட்டு மாதமாக அவர்கள் மரத்தைப் பார்க்காமல் இருந்தது இலைக்காக மட்டும் என்றுதான் நானும் நீங்களும் நினைத்தோம். இன்னொரு பொய் சொல்லும்படி எனக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவும் இருந்திருக்கிறார்கள். அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். காப்பி ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

நோர்மாவிடமும் சொன்னேன். "நான் உங்களைத்தான் நம்பிக் கேட்டேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவாரா என்று தெரியவில்லை. துண்டை நானே அறுத்து எடுத்தேன், இரண்டு நாள் ஆனது, ஒரு மூலை விண்டுவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஒன்றுமில்லாத வெறும் கண்ணாடி. எடுத்ததை லோகா அக்காவிடம் கொண்டுபோனேன். "பறிச்சு வைக்க முடியாத இலைய வச்சுக்கிட்டு நா என்னா பண்றது, நீயே வச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

போன திங்கட்கிழமை காலை இறங்கினார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வெறும் கண்ணாடிமேல் கால் வைத்து, நாற்பது அடியும் நடந்தார்கள். மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் ஹைருலுக்கு விழுந்தது திட்டு, தண்ணீர் அதிகமாம், அடி மண் சொதசொத என்று கிடக்கிறதாம். பிறகு மரத்தின்மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்கள். நான் லிஃப்ட் பக்கமே நின்றேன். போகலாமா கூடாதா என்று தெரியவில்லை.

மூன்று இலை பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"எட்டு மாசம் ஹைருல் ஊத்துனான். அடுத்த எட்டு மாசம் திங்கக்கிழம திங்கக்கிழம நீ வந்து ஊத்து. ஹோஸ் பைப் வேணாம், வாளில தூக்கிட்டு வா."

நம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லியிருந்தால் மூன்று அருள்நிறை மரியே ஜெபத்தோடு விட்டிருப்பார். நாளை திங்கட்கிழமை. ஆறு மணி ஃபெர்ரியைப் பிடிக்க வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன்.

மடத்தில் எல்லாருக்கும் என் வணக்கம்.

அன்புத் தம்பி,
நாதன்